பதினாறாம் நாளுக்குள் எழும்பிய பெட்டி

இதை எழுதலாமா விடலாமா என்று மூன்று வருடம் யோசித்துவிட்டேன். இரண்டு முறை கொப்பியில் தொடங்கிப் பக்கத்தைக் கிழித்தேன். ஓ.எல். பரீட்சையில் கணிதம் தவறிய ஒருத்தி கம்பியூட்டரைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள் என்ற கூச்சம் ஒன்று. நான் விட்ட பிழையை நானே ஊருக்குச் சொல்ல வேண்டுமே என்ற வெட்கம் இன்னொன்று. பிழை சின்னதில்லை. செத்துப்போன ஒரு மனுசிக்குக் கொடுத்த வாக்கு என் கவனக்குறைவால் கை நழுவப் பார்த்தது. இனி மறைத்து என்ன பயன்? பிள்ளையாரை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில். தொழில், வீட்டிலிருந்தே கல்வெட்டு அடிப்பது. எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களில் ஒருவர் மோசம் போனால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்போம். முகப்பில் இறந்தவரின் படம், உள்ளே தோத்திரங்கள், பிறகு அவருடைய வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி சொல்லும் பக்கம். அதைத்தான் கல்வெட்டு என்போம். அதை டைப் அடித்து, பிழை பார்த்து, பக்கம் கட்டிக் கொடுப்பது என் வேலை.

என் கம்பியூட்டர் கொட்டாஞ்சேனையில் நான் முன்பு வேலை பார்த்த அச்சகத்திலிருந்து வந்தது. அச்சகத்தை மூடும்போது முதலாளி, "பிள்ளை, இதை நீ கொண்டு போ. உன்ர கைக்குத்தான் இது பழகினது" என்று தந்தார். அப்போதே அது பழசு. நான் சொல்லப்போகிற விஷயம் நடந்தபோது அதற்குப் பதினைந்து வயது தாண்டியிருக்கும். கடற்காற்றுப் பட்டுப் பெட்டியின் பின்பக்கத் தகரம் துருப்பிடித்து, ஆணிகள் எல்லாம் சிவந்து போயிருந்தன. வெள்ளிக்கிழமைகளில் சுவாமி அறைக்குச் சாம்பிராணி காட்டிவிட்டு அப்படியே இதற்கும் காட்டுவேன். சரஸ்வதி பூசைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். சோறு போடுகிற சாமான் அல்லவா?

கனடாவில் இருக்கும் என் மச்சாள் வீடியோவில் கதைக்கும்போது பின்னால் அது தெரிந்துவிட்டால் போதும்.

"இன்னும் அந்தப் பெட்டகத்தைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறியே? தூக்கி எறியடி."

"எறிஞ்சா நீ வந்து பொறுக்கிக்கொண்டு போவாய். போன புதுசிலை றோட்டில போட்டிருந்த சோபாவைத்தானே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனனி."

அதோடு கதை வேறு பக்கம் திரும்பிவிடும்.

ஒழுங்கையின் கடற்பக்க முடிவில் ஒரு பெரிய வீடு இருக்கிறது. அங்கே சமைத்தவர் ஓர் அக்கா. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பன்னிரண்டு வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்தவர். நாங்கள் பழகத் தொடங்கியபோது அறுபதை நெருங்கியிருந்தார். கல்யாணம் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவருக்கு இரண்டு மணித்தியாலம் லீவு. அந்த நேரத்தில் என் வீட்டுக்கு வந்து, நான் அடித்துக்கொண்டிருக்கும் கல்வெட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். யாருடையது என்றாலும் சரி, வாழ்க்கை வரலாறு வேண்டும்.

ஒரு நாள் கேட்டு முடித்துவிட்டு, "இந்தம்மாவும் ஒரு நாளும் கோவப்படவே இல்லீங்களாமே?" என்றார்.

"ஓம் அக்கா, பிள்ளையள் அப்பிடித்தான் எழுதித் தந்தவை."

"எல்லாரு பொஸ்தகத்திலயும் அப்படித்தான் போட்டிருக்கு. அப்ப கோவப்பட்டவங்க எல்லாம் சாகுறதே இல்லீங்களா?"

நான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் கீ-போர்டில் சிந்தியது. துடைத்துக்கொண்டிருந்தபோது, அவர் குரலை இறக்கிக் கேட்டார்.

"நான் செத்தப்புறம் எனக்கும் ஒண்ணு அடிப்பீங்களாம்மா?"

"என்ன கதை அக்கா இது, நல்ல நாளும் அதுவுமா?"

"வெளையாட்டுக்குச் சொல்லலீங்க. எங்க ஆளுகள்ல யாருக்கும் அடிக்கிறதில்ல. எனக்கு அடிங்க. ஆனா நான் வாயால சொல்றது மட்டும் போடணும். நீங்க நல்லா இருக்குன்னு ஒண்ணும் சேர்க்கக்கூடாது."

சுவாமி அறை விளக்குக்கு முன்னால் நின்று ஓமென்று வாக்குக் கொடுத்தேன். பிறகு ஆறு ஞாயிற்றுக்கிழமை அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். நான்கு பக்கம் வந்தது. பன்னிரண்டு வயதில் ரெயிலில் வந்தது, முதல் வீட்டில் அரிசிப் பானைக்குப் பூட்டுப் போட்டிருந்தது, மாசாமாசம் அவருடைய அப்பா வாசல் கேற்றடியில் வந்து சம்பளத்தை வாங்கிக்கொண்டு மகளைப் பார்க்காமலே திரும்பிப் போனது. ஒரு முறை அக்காவே சம்பளத்தைக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறார். அப்பாவுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லையாம். "நீட்டின கையப் பாத்தாரு, மொகத்தப் பாக்கல" என்று சொன்னார். அதை அப்படியே அடித்தேன்.

அந்த வருட மழைக்காலத்தில் அக்கா அடுப்படியில் விழுந்தார். பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து கண்ணை மூடினார். கொட்டாஞ்சேனையில் வாடகை அறையில் இருக்கும் அவருடைய தம்பியின் இடத்திலிருந்து எடுத்துப் போய்த் தகனம் செய்தோம். வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிவிட்டு நான் செய்த முதல் வேலை, கலண்டரில் முப்பத்தொரு நாள் எண்ணிச் சிவப்பு வட்டம் போட்டது. நான்கு பக்கமும் அடித்துக் கிடக்கிறது. படமும் தோத்திரமும் சேர்த்தால் முடிந்தது. இன்னும் நான்கு கிழமை இருக்கிறது என்று வேறொருவருடைய வேலையைத் தொடங்கினேன்.

எட்டாம் நாள் தம்பி வந்தார். அவர் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் மூட்டை தூக்குகிறவர். கதிரையில் இருக்க மறுத்து வாசலில் நின்றபடியே சொன்னார்.

"அம்மா, அடுத்த கெழம கருமாதி. நீங்க ஐயாவோட கட்டாயம் வரணும். அக்கா பொஸ்தகம் ஒண்ணு சொல்லிச்சே, அதயும் எடுத்துட்டு வந்திருங்க."

"அடுத்த கிழமையோ? முப்பத்தொண்டுக்கு இன்னும் நாள் கிடக்கெல்லோ?"

"அது உங்க ஆளுகளுக்குங்க. எங்களுக்குப் பதினாறாம் நாளு. தோட்டத்துல இருந்து சனமெல்லாம் அன்னிக்கு வந்துட்டு அன்னிக்கே திரும்பிரும். அதுக்குப் பொறவு யாரும் வரமாட்டாங்க."

என் முகத்தில் அறைந்தது போல இருந்தது. எத்தனை ஞாயிறு அந்த அக்கா என் வீட்டில் இருந்து எங்கள் சனத்தின் கதையைக் கேட்டிருப்பார். உங்கள் ஆட்களுக்கு எத்தனையாம் நாள் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. என் கணக்குத்தான் உலகத்துக்கே கணக்கு என்று வட்டம் போட்டு வைத்திருந்தேன். இதுதான் நான் சொன்ன பிழை.

தம்பியை அனுப்பிவிட்டு உடனே கம்பியூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. பெட்டி தானாக நின்றது. தானாகவே திரும்ப எழும்பியது. அதே வரி, திரும்ப நின்றது. பத்துத் தரம் போட்டுப் பார்த்தேன். தகரத்தில் கை வைத்தேன், தோசைக்கல் போலச் சுட்டது. அக்காவின் நான்கு பக்கமும் அதற்குள் மட்டும்தான் இருந்தது. இன்னொரு பிரதி எடுத்து வை என்று என் கணவர் நூறு தரம் சொல்லியிருப்பார். நான் எடுக்கவில்லை. அச்சடித்த தாளும் இல்லை. சொன்ன வாயும் இல்லை.

அடுத்த நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காலி வீதியில் ஒரு கடைக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர், வரிசையாகப் புது மடிக்கணினிகள். அங்கிருந்தவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. சுற்றி வந்து பார்த்தார்.

"அன்ரி, இதை மியூசியத்துக்குத்தான் குடுக்க வேணும்."

"தம்பி, எனக்கு உள்ள இருக்கிற எழுத்து வேணும். அவ்வளவுதான்."

"இதில புது விண்டோஸ் ஏறாது அன்ரி. பழசைத் திரும்பப் போட்டாலும் எல்லாத்தையும் அழிச்சுத்தான் போட வேணும். உள்ள இருக்கிறது போனது போனதுதான். ஒரு புது லப்டொப் எடுங்கோவன், நிம்மதியா இருக்கலாம்."

டொலர் ஏறிய பிறகு அவற்றின் விலை எங்கள் வீட்டுப் பக்கமே வராதது என்பது ஒரு புறம். புதிது வாங்கினாலும் அதற்குள் அக்கா இருக்க மாட்டாரே. நான் பெட்டியைத் திரும்பத் தூக்கினேன். வீட்டுக்கு வரும் வழியில் ஓட்டோக்காரர் சிங்களத்தில், பழைய இரும்புக் கடைக்கா என்று கேட்டார். "நே மல்லி, கெதர" என்றேன். வீட்டுக்குத்தான்.

பத்தாம் நாள் பெரிய வீட்டு அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் படியேறியது அதுதான் முதல் தரம். கெட்ட மனுசி என்று சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் அவர்தான் பார்த்தார். என் மிஷின் பழுது என்று கேள்விப்பட்டிருக்கிறார்.

"எங்கட வீட்டு ஆள் மாதிரித்தான் அவவை வைச்சிருந்தனாங்கள். நல்ல கலர்ல, படம் போட்டு, ஒரு பக்கம் நாங்களே அடிப்பிச்சுக் குடுக்கிறம். உமக்கேன் இந்தப் பழசோட கரைச்சல்?"

"ஒரு பக்கம் அவவுக்குக் காணாது."

"ஏன், கனக்க எழுதிப் போட்டீரோ?"

"நான் எழுதேல்லை. அவ சொன்னது."

"என்ன சொன்னவ?"

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். நான் சொல்லிவிட்டேன். அக்கா சொன்ன கடைசிப் பந்தி இப்படி இருந்தது: நான் ஆக்கின சோத்தச் சாப்பிட்டு அந்த வீட்டுல மூணு பேரு டாக்டராகிட்டாங்க. பாஸ் பண்ணுன அன்னிக்கு ஊரு பூரா கேக் குடுத்தாங்க. அடுப்படிக்கு வந்து யாரும் சொல்லல. கேக் தட்டு கழுவ வந்தப்பதான் எனக்குத் தெரிஞ்சது.

அந்த அம்மா கைப்பையை எடுத்தார். எழும்பிப் போகும்போது, "அந்தப் பகுதியைப் போடாதேயும். செத்த மனுசிக்கும் அது மரியாதை இல்லை. எப்பிடியும் மிஷின் செத்துப் போயிட்டுதெண்டால், எல்லாம் நல்லதுக்கெண்டு விடும்" என்றார்.

அவர் போன பிறகு சுவாமி அறையில் போய் இருந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. விட்டுவிட்டால் என்ன? மிஷின் செத்துவிட்டது என்று சொன்னால் ஒருவரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். அந்த அக்காவும் திரும்பி வந்து கேட்கப் போவதில்லை. ஒழுங்கையில் பகையும் இல்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த விளக்குக்கு முன்னால் நின்றுதானே வாக்குக் கொடுத்தேன். எனக்குக் கோபம் வந்தது. "எல்லாம் நல்லதுக்கு" என்று சொல்ல அவர் யார்? மிஷின் பழசு, அதால் எறி. அடுப்படியில் நின்றவள் சொன்னது, அதால் எறி. எறிய மாட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன். அடுத்த அறையிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார்.

"யாரோட சண்டை?"

"எல்லாரோடையும். நாளைக்கு மாளிகாவத்தைக்குப் போக வேணும். வாறீங்களோ?"

"வராட்டி என்னோடையும் சண்டை பிடிப்பாய்" என்று அவர் சட்டையைத் தேடினார்.

மாளிகாவத்தையில் தொடர்மாடிகளுக்குப் பின்னால் ஒரு முஸ்லிம் அண்ணர் இருக்கிறார், நாங்கள் நானா என்போம். கொட்டாஞ்சேனை அச்சகத்தில் மிஷின் பழுதானால் அவர்தான் வருவார். பத்து வருடமாகக் காணவில்லை. கடை என்று சொல்ல முடியாது, ஒரு கராஜ். சுவரெல்லாம் கழற்றிய கம்பியூட்டர்களின் உறுப்புகள். தாடி முழுதும் நரைத்திருந்தது. ஆளைவிட அவர் பெட்டியைத்தான் முதலில் அடையாளம் கண்டார்.

"அட, இது நம்மட பிரஸ்ஸில ஈந்த பெட்டியல்லவா! இன்னும் உசிரோட ஈக்கா? இரிங்க தங்கச்சி, இரிங்க."

"செத்துப் போச்செண்டு சொல்லுகினம் நானா."

"சொல்றவங்க தொறந்து பாத்தாங்களா?"

"இல்லை."

"தொறக்காம எப்படி மையத்துன்னு சொல்ற?" என்று ஆணிகளுக்கு எண்ணெய் விட்டுக் கழற்றினார். தகரத்தைத் திறந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்தார்.

"எனத்தயன் இது? தங்கச்சி, இது கம்பியூட்டரா, கோயிலா?"

உள்ளே இருக்கும் காற்றாடியில் சாம்பிராணிப் புகை கறுப்புப் பிசினாகப் படிந்து, அதன்மேல் திருநீறு ஒட்டி, காற்றாடி சுற்றவே முடியாமல் இறுகிக் கிடந்தது. காற்றோட்டத் துளைகளில் பாதியைச் சரஸ்வதி பூசைச் சந்தனம் அடைத்திருந்தது. என் கணவர் அடக்க முடியாமல் சிரித்தார். நான் வெட்கத்தில் தலையைக் குனிந்தேன். நான் கும்பிட்ட கும்பிடுதான் அதைச் சூடேற்றிக் கொன்றிருக்கிறது.

"இனி வெளிய நிண்டு கும்பிடுங்க. உள்ளுக்குப் பொகை விடாதீங்க" என்று நானா ஒரு தூரிகையை எடுத்துச் சுரண்டத் தொடங்கினார்.

சுத்தப்படுத்திய பிறகு பெட்டி நிற்காமல் ஓடியது. ஆனாலும் அந்தக் கறுப்புத் திரையைத் தாண்டவில்லை. சூட்டில் நின்று நின்று எழும்பியதில் விண்டோஸ் சிதைந்துவிட்டது என்றார். நானா மேசை லாச்சியிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார்.

"இதுல லினக்ஸ் ஈக்கிது, விண்டோஸ் மாதிரி இன்னொண்டு. டிஸ்க்கத் தொடாம இந்தக் குச்சில ஈந்தே எழும்பும். எழும்பினா உள்ளுக்குப் போய்ப் பாக்கேலும். பிஸ்மில்லாஹ்."

நான் பிள்ளையாரே என்றேன். இரண்டு பேருடைய வேண்டுதலும் ஒரே பெட்டிக்குள் போயின. கொஞ்ச நேரம் கறுப்பு. பிறகு நீல நிறத்தில் ஒரு திரை வந்து, மூலையில் சின்னதாக ஓர் எலியின் படம் தெரிந்தது. பழைய மிஷின்களுக்கென்று பாரம் குறைவாகச் செய்த திரை அது, அதன் அடையாளமே எலிதான் என்று நானா விளக்கினார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நான் கூப்பிட்ட பிள்ளையார் தன் வாகனத்தை அனுப்பிவிட்டார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அவர் கோப்புறைகளைத் திறந்தார். என் பெயர் போட்ட கோப்புறை, உள்ளே "அக்கா" என்று நான் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்த கோப்பு. திறந்தால் தமிழ் இல்லை. முழுப் பக்கமும் ஆங்கில எழுத்துகள், இடையிடையே அரைப்புள்ளிகள்.

"கொழம்பிப் போயிட்டே" என்று நானா தலையைச் சொறிந்தார்.

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். நாங்கள் அடிப்பது பாமினி என்ற பழைய எழுத்துருவில். ஆங்கிலச் சாவியைத் தட்டினால் தமிழ் உருவம் தோன்றும். அந்த எழுத்துரு இல்லாத மிஷினில் தட்டிய சாவிகள் மட்டும் வெறுமையாக நிற்கும். mk;kh என்று நின்றால் மற்றவர்களுக்கு அது குப்பை. இருபது வருடம் தட்டிய என் விரலுக்கு அது அம்மா.

"குழம்பேல்லை நானா. எல்லாம் இருக்கு" என்று வாசிக்கத் தொடங்கினேன். "நான் வந்த ரெயிலு பேரு எனக்குத் தெரியாது. ஜன்னலோரமா உக்கார வச்சாங்க. அன்னிக்கு மட்டுந்தான் ஜன்னலோரம் உக்காந்தேன்."

நானா மறுபக்கம் திரும்பி எதையோ தேடுவது போல நின்றார். கணவர் மட்டும், "முதல்ல அதை ரெண்டு இடத்தில பிரதி எடுங்கோ" என்றார்.

பிரதி எடுத்தோம். அந்தப் பழைய எழுத்துருவும் டிஸ்க்கிலேயே இருந்தது. அதை எடுத்து லினக்ஸில் உரிய இடத்தில் போட்டதும் பக்கம் முழுவதும் தமிழாகியது.

"இதையே இதில நிரந்தரமாப் போட்டுத் தாறன். செத்த பெட்டி ஒண்டில ஈந்து மெமரியும் கழட்டிப் போடுறன். நல்லா ஓடும்."

"நானா, இதுக்கு ஆரிட்டை அனுமதி வாங்க வேணும்? களவுச் சாமான் எண்டால் எனக்கு வேண்டாம்."

அவர் சிரித்தார். "இவ்வளவு நாளும் நீங்க பாவிச்சதுதான் களவுச் சாமான். பிரஸ்ஸில கொப்பி பண்ணின சீடியாலதானே விண்டோஸ் போட்டது, நான்தானே போட்டேன். அல்லாஹ் மன்னிக்கணும். இது செஞ்சவங்களே எல்லாருக்கும் எடுத்துப் பாவிங்கன்னு குடுத்தது. இது ஹலால் தங்கச்சி."

இத்தனை வருடமும் களவுச் சாமானில் இருந்துகொண்டு ஊருக்கெல்லாம் தோத்திரம் அடித்திருக்கிறேன்! அன்று இரண்டாவது முறை தலை குனிந்தேன்.

பதினோராம் நாள் பின்னேரம் பெட்டி வீட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு வேலை லேசாக இருந்ததென்று நினைக்க வேண்டாம். பழைய பக்கம் கட்டும் மென்பொருள் இதில் ஓடாது. லினக்ஸோடு வந்த எழுத்து மென்பொருளில் எல்லாவற்றையும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. எனக்குப் பழக்கமான பொத்தான் ஒன்றும் இருந்த இடத்தில் இல்லை. தோத்திரத்தின் கடைசி அடி அடுத்த பக்கத்துக்கு ஓடியது, ஓடிய அடியை இழுத்தால் தலைப்பு கீழே விழுந்தது. பன்னிரண்டாம் நாள் முழுக்க இரண்டு பக்கம்தான் கட்டினேன். தொலைபேசியில் நானாவைப் பிய்த்து எடுத்தேன். பிரிண்டர் வேலை செய்யாது என்றுதான் பயந்தேன். வயரைச் செருகியதும் சீடியும் கேட்காமல், ஒன்றும் கேட்காமல் அது தாளை இழுத்தது. என் கணவர் பிரிண்டரைப் பார்த்துக் கை தட்டினார்.

படத்துக்கு அக்காவின் அடையாள அட்டைதான் இருந்தது. அதை ஸ்கேன் செய்து பெருப்பித்தோம். கொஞ்சம் மங்கல். ஆனால் கோபமான முகம். எனக்கு அது பிடித்தது.

பதினான்காம் நாள் கணவர் பிழை பார்த்தார். கடைசிப் பந்தியில் பென்சிலை நிறுத்தினார்.

"இது இருக்கட்டுமோ? நாளைக்கு அந்த வீட்டு முகத்தில முழிக்க வேணும்."

"எங்கட முகத்தைப் பற்றி யோசிக்கிறீங்கள். இது அவவின்ர புத்தகம்."

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த பக்கம் திருப்பினார். பதினைந்தாம் நாள் பெரிய வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. "அந்தப் பகுதியை எடுத்துப் போட்டீரோ?" என்று அந்த அம்மா கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எங்கட வீட்டு அலுவல் ஒண்டும் இனி உமக்கு வராது" என்றார். சரி என்றேன். அந்த வீட்டாராலும் அவர்களின் சொந்தங்களாலும் எனக்கு நிறைய வேலை வந்துகொண்டிருந்தது என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். சரி என்றுதான் சொன்னேன்.

பதினாறாம் நாள் கொட்டாஞ்சேனையில் தம்பியின் அறையும் முன்னால் உள்ள முற்றமும் நிறையச் சனம். தோட்டத்திலிருந்து ஒரு வான் வண்டியில் வந்திருந்தார்கள். கிரியை முடிந்து படையல் எடுத்த பிறகு புத்தகங்களைக் கொடுத்தேன். கையில் வாங்கியவர்கள் முதலில் படத்தைத்தான் பார்த்தார்கள். புத்தகத்தில் தங்கள் ஆள் ஒருவரின் முகத்தைப் பார்ப்பது அவர்களில் பலருக்கு அது முதல் தரம். ஒரு கிழவி தம்பியிடம், "எழுத்து எனக்குத் தெரியாது, படிச்சுச் சொல்லு" என்றாள். அவர் நின்றபடி வாசித்தார். மூட்டை தூக்குகிற மனுசன், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார். ரெயில் வந்தது, பூட்டுப் போட்ட அரிசிப் பானை வந்தது. அப்பா கேற்றடியில் வந்து நின்ற இடத்தில் புத்தகத்தைத் தாழ்த்தினார். அவருக்கும் அப்பா அல்லவா? அருகில் இருந்த ஒரு பெண் புத்தகத்தை வாங்கி மிச்சத்தை வாசித்தாள்.

"அக்காவே வந்து பேசுற மாதிரி இருக்கு" என்று யாரோ சொன்னார்கள்.

பெரிய வீட்டு அம்மாவும் வந்திருந்தார். ஒரு பிரதி எடுத்து, நின்றபடியே கடைசிப் பந்தியை வாசித்தார். கைப்பைக்குள் வைத்தார். தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. சந்தையில் கண்டால் மீன்காரனைப் பார்ப்பார். பார்க்கட்டும். ஒரு வருடம் எனக்கு வேலை குறைந்தது. பிறகு கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்தும் கிருலப்பனையிலிருந்தும் புதிய ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பதினாறாம் நாளுக்குப் புத்தகம் அடித்துத் தருவீர்களா என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பெட்டியில்தான் அடிக்கிறேன். இதையும் அதில்தான் அடிக்கிறேன்.

இப்போது ஏன் எழுதினேன் என்றால், கதை வேறு மாதிரிப் போய்க்கொண்டிருக்கிறது. சென்ற மாதம் கோயிலில் ஒருவர், என் மச்சாள் கனடாவிலிருந்து புதுக் கம்பியூட்டர் அனுப்பித்தான் அந்தப் புத்தகம் வந்தது என்று என்னிடமே சொன்னார். இன்னொருவர், பெரிய வீட்டார் தங்களுடைய தூரத்துச் சொந்தக்காரி ஒருத்திக்குச் செலவழித்து அடித்தார்கள் என்றார். சொந்தக்காரியாம். சாக முன்னம் ஒரு நாள் அப்படிச் சொல்லியிருக்கலாம்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பிரதி எடுங்கள், அனுப்புங்கள், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். என்னிடம் கேட்கத் தேவையில்லை. ஆனால் ஒரு சொல்லையும் மாற்றாமல் கொடுங்கள். என் பிழையை இரக்கப்பட்டு எடுத்துவிட வேண்டாம். பெட்டி பழசு, பழசாகவே இருக்கட்டும். நானாவை வேறு மதத்துக்காரராக ஆக்கிவிட வேண்டாம். அந்த அக்கா சமையல்காரி. சமையல்காரி என்றே சொல்லுங்கள்.